இரண்டு ஜோடிப் பெட்டிகளும் ஒரு வாக்கும்

போடிநாயக்கனூர்
4.6.1984

அண்ணனுக்கு,

மதினியையும் உங்களையும் நலம் விசாரித்து நான்கு வரி எழுதிவிட்டு விஷயத்துக்கு வருவது என் வழக்கம். இந்த முறை விஷயத்தை முதலில் எழுதிவிடுகிறேன். படித்து முடித்த பிறகும் நீங்கள் நலமாக இருக்கிறீர்களா என்று கடைசியில் கேட்டுக்கொள்கிறேன்.

வீட்டில் பாட்டுக் கேட்பதற்கு நான் ஒரு ஜோடி ஸ்பீக்கர் வாங்கப் போகிறேன். கல்யாண வீட்டில் மரத்தில் ஏற்றிக் கட்டுகிற குழாய் இல்லை. புத்தக அலமாரியில் வைக்கிற அளவுள்ள மரப்பெட்டிகள். ஓர் அறைக்குள் உட்கார்ந்து கேட்பதற்கென்றே செய்தவை. வாங்கலாமா என்று கேட்டு இதை எழுதவில்லை. எதை வாங்குவது என்று கேட்டு எழுதுகிறேன்.

இரண்டு ஜோடிகளைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று இங்கிலாந்தில் செய்தது. ஏலக்காய் விலை பேச மேலே எஸ்டேட்டுக்குப் போனபோது மேனேஜர் பங்களாவில் கேட்டேன். நெல் அளக்கிற மரக்கால் உயரம்தான் இருக்கும். மேனேஜர் கோட்டயத்துக்காரர். ஜூலை முடிவில் வேலையை விட்டு ஊருக்கே போகிறார், சாமான்களை விற்கிறார். "சேச்சி, ஆதியம் கேக்கு, பின்ன வெல பறயாம்" என்றார். முதலில் கேட்க வேண்டுமாம், விலை அப்புறமாம். இசைத்தட்டுச் சுழற்றியையும் ஆம்ப்ளிஃபயரையும் அப்போதே பேசி வாங்கிவிட்டேன்.

இன்னொன்று ஜப்பான் ஜோடி. உங்கள் ஊர்க் கடைத்தெருவில் ரெக்கார்டிங் சென்டர் வைத்திருக்கிற வீரணனிடம் இருக்கிறது. முழங்கால் உயரம், ஒவ்வொரு பெட்டியிலும் மூன்று வாய். எஸ்டேட் பெட்டியைப் பற்றிச் சொன்னேன். "அந்தச் சின்னப் பொட்டியா? அது தீப்பெட்டி ஆத்தா. அதுல தவிலப் போட்டா கொசு அடிச்ச மாரி கேக்கும்" என்று சிரித்துவிட்டு, ஜப்பான் பெட்டியில் ஒரு தவில் தனியாவர்த்தனத்தைப் போட்டுக் காட்டினார். நெஞ்செலும்பில் இடித்தது. விலை இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். பெரியதே நல்லது என்று தோன்றுகிறது. ஆனாலும் எஸ்டேட்டில் கேட்டது காதைவிட்டுப் போகமாட்டேன் என்கிறது.

இருபத்தாறு வருஷமாக ஊர் ஊராகப் போய்த் தராசுகளைச் சோதிக்கிறவர் நீங்கள். இரண்டு பொருளை எப்படி ஒப்பிடுவது என்று இந்தப் பள்ளத்தாக்கில் உங்களைவிட அறிந்தவர் இல்லை. எனக்கு அந்த உதவி மட்டும் வேண்டும்.

என் வீட்டுக்காரர் போய் எட்டாவது மாதம் நடக்கிறது. அது எனக்கு நினைவிருக்கிறது, நீங்கள் நினைவூட்ட வேண்டாம். அவர் அண்ணன், பெரிய அத்தான் ராஜமணியிடம் இன்னும் சொல்லவில்லை. தம்பி வீட்டு விஷயம் என்று அவர் வருவார். அவரிடம் சொல்வேன், கேட்கமாட்டேன்.

நலமா?

கிருபாவதி


அல்லிநகரம்
9.6.1984

அன்புள்ள கிருபாவதி,

நான்காம் தேதியிட்ட உன் கடிதம் ஏழாம் தேதி கிடைத்தது. இரண்டு நாள் தாமதம் யோசனையின் பொருட்டு.

உனக்குத் தெரியாத செய்தி ஒன்றைத் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறேன். மாப்பிள்ளை தங்கபாண்டியின் அடக்கம் முடிந்த மூன்றாம் நாள், திரு. ராஜமணி என்னிடம் ஓர் உறுதி கேட்டார். ஓராண்டு நினைவு ஜெபம் முடியும் வரை, அதாவது வரும் அக்டோபர் பதினான்காம் தேதி வரை, உன் வீட்டில் வானொலி உட்பட எவ்வித இசைச் சத்தமும் எழாது என்று உன் சார்பில் நான் வாக்களித்தேன். நம் திருச்சபையின் சேகரக் கமிட்டியைச் சேர்ந்த இருவர் உடனிருந்தனர். அந்தக் கமிட்டியின் செயலாளர் என்ற முறையிலும், உன் உடன்பிறந்தவன் என்ற முறையிலும், அந்த வாக்கு என்னைக் கட்டுப்படுத்துகிறது. ஆகவே நீ கேட்கும் உதவியைச் செய்ய இயலாது. நான்கு மாதம் பெரிய காலமல்ல. இந்தப் பொருள் குறித்து மேற்கொண்டு கடிதப் போக்குவரத்துக்கும் இடமில்லை.

உன் மதினி சொர்ணலதா உன்னை விசாரித்தாள்.

சுயம்புலிங்கம்

பின்குறிப்பு: கொள்முதலை நான் ஆதரிக்கவில்லை என்பதை மேலே தெளிவாக்கிவிட்டேன். எனினும் உன் கடிதத்தில் உள்ள ஒரு பிழையை அப்படியே விடுவது முறையாகாது. "பெரியதே நல்லது என்று தோன்றுகிறது" என்கிறாய். நீ ஒரு ஜோடியை மலைமேல் பங்களாவில் கேட்டாய், மற்றொன்றைக் கடைத்தெருக் கடையில் கேட்டாய். அறை வேறு, இசைத்தட்டு வேறு, நாள் வேறு. இவற்றைவிட முக்கியமானது, சத்தத்தின் அளவு வேறு. ஒரே இசையைச் சற்றுக் கூடுதல் சத்தத்தில் வைத்தால், அதுவே தரமானது என்று மனிதக் காது நம்பிவிடும். மஞ்சள் விளக்கின்கீழ் மிளகாய் வற்றலைக் கொட்டி நிறம் காட்டி விற்பதற்கும் இதற்கும் வேறுபாடில்லை. இரண்டையும் ஒரே அறையில், ஒரே தட்டில், ஒரே சத்தத்தில், எது எதுவென்று தெரியாத நிலையில் கேட்டாலொழிய உன் கருத்துக்கு மதிப்பில்லை. மற்றபடி, மேலே சொன்னதுபோல் இப்பேச்சு இத்துடன் முடிந்தது.


போடிநாயக்கனூர்
13.6.1984

அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தைவிடப் பின்குறிப்பு நீளம். அதிலிருந்தே தெரிகிறது, உங்கள் மனது எங்கே இருக்கிறதென்று.

ஆனால் நான் கோபமாக இருக்கிறேன். யாரைக் கேட்டு வாக்குக் கொடுத்தீர்கள்? அடக்கத்தின் மூன்றாம் நாள் நான் அதே வீட்டில்தான் இருந்தேன், நீங்கள் பேசிய அறைக்கு அடுத்த அறையில். கதவைத் தட்டி, "கிருபா, இப்படிக் கேட்கிறார்கள், உனக்குச் சம்மதமா?" என்று கேட்டிருக்கலாம். எட்டு அடி தூரம்.

நான் இதுவரை யாரிடமும் விளக்கிச் சொன்னதில்லை. உங்களுக்காவது சொல்கிறேன். கல்யாணமான மூன்றாம் வருஷம் அவர் ஒரு மாதம் காய்ச்சலில் கிடந்து எழுந்தார். அன்றிலிருந்து அவர் காதில் ஓயாத இரைச்சல். வெளியிலிருந்து எந்தச் சத்தம் வந்தாலும் ஊசி இறங்குவதுபோல முகம் சுருங்குவார். வேலூர் வரை போய்ப் பார்த்தோம். வாசல் மணியைக் கழற்றினேன். கரண்டிகளைத் துணியில் சுற்றி வைத்தேன். ரேடியோவை உங்கள் வீட்டுக்கே அனுப்பிவிட்டேன், மதினிக்கு நினைவிருக்கும். கல்லூரி கொயரில் இரண்டு வருஷம் ஆல்ட்டோ, அந்தக் கீழ்க்குரல், பாடியவள், குடும்ப ஜெபத்தில் உதட்டை மட்டும் அசைத்தேன். அவரைக் குறை சொல்லவில்லை. அவர் வேதனையைப் பார்த்தவள் நான், மனமறிந்துதான் செய்தேன். இன்னொரு தடவை வாழச் சொன்னாலும் அதையே செய்வேன்.

ஆனால் அது அவருக்காக. இருபது வருஷம் அவர் உயிரோடு இருந்தபோது அவருக்காக இருந்த மௌனம். இன்னும் நான்கு மாதம் யாருக்காக? அவருக்கு இப்போது காது வலிக்கப் போவதில்லை.

"மக்கமனுசங்க என்ன சொல்வாக?" என்பீர்கள். அந்த வீட்டுக்குள் ஒரு பாத்திரம் விழுந்துவிடக் கூடாதே என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்ற நாளெல்லாம் மக்கமனுசர் எவரும் வந்து பார்க்கவில்லை.

மேனேஜர் ஜூலை முப்பத்தொன்றாம் தேதி மலை இறங்குகிறார். மதுரையிலிருந்து ஒருவர் அந்த ஜோடியைக் கேட்டுக் கடிதம் போட்டிருக்கிறாராம். நீங்கள் உதவாவிட்டால் வீரணனிடம் உள்ள ஜப்பான் பெட்டியையே கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிடுவேன். தவறான தராசில் நிறுத்து வாங்கினாள் என் தங்கை என்று நீங்கள் ஆயுள் முழுக்க நினைத்துக்கொண்டிருங்கள்.

கிருபாவதி


அல்லிநகரம்
25.6.1984

அன்புள்ள கிருபாவதி,

உன் கடிதத்தின் மூன்றாம் பத்தியை இரண்டு முறை படித்தேன். அதில் கண்டவற்றில் பெரும்பகுதி எனக்குப் புதியது. எட்டு அடி தூரம் என்ற உன் கணக்கு சரியானது.

கண்ணை மூடிக்கொண்டு வாங்குவேன் என்ற உன் மிரட்டல் பொறுப்பற்றது. அதன் விளைவாகவே சனிக்கிழமை பிற்பகல் அலுவல் நேரம் முடிந்தபின், முத்திரைப் பெட்டி இல்லாமல், சாதாரண வாடிக்கையாளனாக வீரணன் கடைக்குப் போனேன். நான் யாரென்று அவருக்குத் தெரியும். என்றாலும் தராசு இல்லாத கடையில் எனக்கு அதிகாரம் இல்லை என்பதும் அவருக்குத் தெரியும். ஆகவே உற்சாகமாகவே வரவேற்றார்.

"சார், இங்கன வந்து நில்லுங்க. அங்கன நின்னா பேஸ் தெரியாது."

நின்றேன். தவில் ஒலித்தது. நீ எழுதியபடியே நெஞ்சில் இடித்தது. ஆனால் எனக்கு ஒரு பழக்கம் உண்டு. முள் காட்டுவதை நம்புவதற்கு முன், தட்டின் அடியில் கைவிட்டுப் பார்ப்பேன். பெட்டியின் மீது உள்ளங்கையை வைத்தேன். அதிர்வு மிகக் குறைவு. காலடித் தரையிலோ அதிர்வு மிகுதி. கல்லாவுக்குப் பின்னால் ஒரு பச்சைத் திரை தொங்கியது.

"வீரணன், அந்தத் திரைக்குப் பின்னால் என்ன இருக்கிறது?"

"பழைய சாமான் சார். தட்டுமுட்டு."

"தட்டுமுட்டுச் சாமான் ஏன் தவில் வாசிக்கிறது?"

திரையை விலக்கினேன். வயிறு பெருத்த இரண்டு மண்பானைகள். ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு பெரிய ஸ்பீக்கர் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. டீக்கடைகளில் பார்த்திருப்பாய். பானைக்குள் காற்று அடைபட்டுத் தாழ்ந்த ஒலி பெருகும். ஜப்பான் பெட்டி முன்னால் வாயசைத்துக்கொண்டிருக்க, தவில் முழுவதும் பானைக்குள் இருந்தது.

"ஒரு ஒத்தாசைக்குத்தான் சார்" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பொட்டி நல்ல பொட்டிதான் சார், சத்தியமா. நம்ம சனத்துக்கு இடி மாரி இடிச்சாத்தான வாங்குறாக? நான் என்ன செய்ய?" என்றார். "இத ஆத்தாகிட்டச் சொல்லீறாதீக. கோட்டைப்பட்டி வீரணன் பானையவே ஒடச்சுட்டாகன்னு கடைத்தெருவே சிரிக்கும்."

சொல்லமாட்டேன் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. அதற்குப் பதிலாக, அந்த ஜோடியைப் பானைகள் இல்லாமல் ஒரு மாதத்துக்கு என்னிடம் சோதனைக்குத் தர வேண்டும் என்றேன். தந்துவிட்டார்.

இனி விதிகளுக்கு வருகிறேன். நான் வாக்களித்தது உன் வீட்டைப் பற்றி மட்டுமே. என் வீட்டைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. எனவே ஒப்பீடு இங்கு நடைபெறலாம். ஜூலை பதினைந்து, ஞாயிறு, பிற்பகல் இரண்டு மணி. மேனேஜரிடம் கேட்டு அந்தச் சிறிய ஜோடியையும், உன் ஆம்ப்ளிஃபயரையும் சுழற்றியையும் எடுத்து வா. உனக்குப் பழக்கமான இசைத்தட்டு ஒன்று போதும். இது கேளிக்கை அல்ல, சோதனை. இந்த வேறுபாட்டை நீ மனத்தில் கொள்ள வேண்டும். சோதனை முடிந்தபின் எதை வாங்கினாலும் அக்டோபர் பதினான்கு வரை அது கட்டுப்பிரிக்காமல் இருக்க வேண்டும்.

சுயம்புலிங்கம்


அல்லிநகரம்
17.7.1984

அன்புள்ள கிருபாவதி,

ஞாயிற்றுக்கிழமை சோதனை முடிந்ததும் நான் எழுந்து உள்ளறைக்குப் போய்விட்டேன். நீ பெட்டிகளைக் கட்டிக்கொண்டு ஐந்தரை மணிப் பேருந்துக்குச் சொர்ணலதாவோடு போனாய். வழியனுப்பக்கூட நான் வரவில்லை. பெட்டிகளுக்கும் டிக்கெட் எடுக்கச் சொல்லி நடத்துனர் உன்னிடம் வாதாடினார் என்று சொர்ணலதா சொல்லி அறிந்தேன். நேரில் சொல்லியிருக்க வேண்டியதை எழுத்தில் சொல்வதற்கே இக்கடிதம்.

முதலில் நடைமுறை. நீயும் அறிவாய் என்றாலும் பதிவு வேண்டும். வானொலியில் இரண்டு நிலையங்களுக்கு இடையே வரும் சீறலை முதலில் ஒரு ஜோடியில் விட்டு, நாம் உட்காரும் இடத்தில் வைத்த டேப் ரெக்கார்டரின் முள் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று குறித்தேன். மற்ற ஜோடியிலும் அதே சீறலை விட்டு முள்ளை அதே கோட்டுக்குக் கொண்டுவந்தேன். ஆக, சத்தம் சமம். நடுவே போர்வைத் திரை. திரைக்குப் பின்னால் சொர்ணலதா, தானே சீட்டுக் குலுக்கி எழுதி உறையிலிட்ட வரிசைப்படி, ஒயர்களை மாற்றி மாற்றிச் செருகி, சத்தத் திருகையும் அந்தந்த ஜோடிக்கு நான் குறித்த கோட்டில் வைத்தாள். பன்னிரண்டு தடவை. ஒவ்வொரு தடவையும் எது ஒலிக்கிறது என்று நீ உன் தாளிலும் நான் என் தாளிலும் எழுதினோம். நடைமுறையில் குறை எதுவும் இல்லை. இன்றும் அதில் ஒரு எழுத்தைக்கூட மாற்றமாட்டேன்.

முடிவு: நான் சரியாகச் சொன்னது ஏழு. நீ சொன்னது பன்னிரண்டும்.

ஏழு என்பது காசைச் சுண்டிப் போட்டாலும் கிடைக்கக்கூடிய எண். அதாவது எனக்கு ஒரு வேறுபாடும் கேட்கவில்லை. உறையைப் பிரித்துப் பார்த்தபோது, சொர்ணலதாதான் ஒயரை மாற்றிச் செருகிவிட்டாள் என்று அவள்மீது பாய்ந்தேன். நீ தட்டை மறுபடி வைத்தாய். தம்பூராவின் நான்கு கம்பிகளில் மூன்றாவது ஒரு மயிரிழை தாழ்ந்திருக்கிறது என்றும், பெரிய பெட்டியில் நான்கும் கலந்து ஒரே ரீங்காரமாகிவிடுவதால் அது தெரியவில்லை என்றும், சிறிய பெட்டியில் நான்கும் தனித்தனியே நிற்கின்றன என்றும் சொன்னாய். எனக்கு இரண்டிலும் தம்பூரா என்று ஏதோ ஒன்று கேட்டது. அவ்வளவே.

நீ போன பிறகு கைக்கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தேன். வலக்காதில் டிக் டிக் என்றது. இடக்காதில் ஒன்றுமில்லை. கடிகாரம் நின்றுவிட்டதோ என்று மறுபடி பார்த்தேன். சொர்ணலதாவைக் கூப்பிட்டு, "எனக்கு ஒரு காது கேட்கவில்லை போலிருக்கிறது" என்றேன்.

"நாலு வருசமா நான் சத்தமாத்தான் பேசிக்கிட்டு இருக்கேன். அதுவும் ஒங்களுக்குக் கேக்கலையாக்கும்?" என்றாள்.

நான்கு ஆண்டுகளாக முத்திரை காலாவதியான தராசு ஒன்று மற்றத் தராசுகளைச் சோதித்துக்கொண்டிருந்திருக்கிறது. கண்ணால் பார்க்கும் முள்ளைக் கொண்டு நடந்த வேலை என்பதால் பொதுமக்களுக்கு நட்டமில்லை. ஆயினும் உன் விஷயத்தில் நான் தீர்ப்பளிக்கத் தகுதியற்றவன். இந்தச் சோதனையில் செல்லத்தக்க காது உன்னுடையது ஒன்றே. சிறிய ஜோடியை வாங்கு.

அக்டோபர் பதினான்கு வரை கட்டுப்பிரிக்க வேண்டாம் என்ற என் வேண்டுகோள் தொடர்கிறது.

சுயம்புலிங்கம்


போடிநாயக்கனூர்
24.7.1984

அண்ணனுக்கு,

வாங்கிவிட்டேன். மேனேஜர் ஜீப்பிலேயே கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார். அவர் மனைவி விட்டுப் போன இசைத்தட்டுகள் பதினாறையும் கூடவே கொடுத்தார்.

காது விஷயத்தில் மனதைப் போட்டு உழப்பிக்கொள்ளாதீர்கள். மதுரையில் காட்டலாம். நீங்கள் பன்னிரண்டுக்கு ஏழு என்று கைப்பட எழுதி அனுப்பினீர்களே, அந்தத் தாளை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். தான் தோற்றதை இவ்வளவு சுத்தமாக எழுதுகிற மனிதரை நான் வேறு பார்த்ததில்லை.

ஆனால் கடைசி வரியில் மறுபடி சறுக்கிவிட்டீர்கள். என் காது செல்லும் என்கிறீர்கள், என் வீட்டில் நான் எப்போது கேட்பது என்பது மட்டும் செல்லாதா?

பெரிய அத்தான் நேற்று வந்தார். ஜீப் வந்ததைப் பார்த்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். பெட்டிகளைப் பார்த்தார், உட்காரவில்லை.

"ஏம்மா, ஒரு வருசம் பொறுக்கக் கூடாதா? தம்பி மண்ணு இன்னும் காயல."

"காஞ்சிருச்சு அத்தான். ரெண்டு கோடை மழையும் பேஞ்சு அதுல புல்லும் மொளச்சிருச்சு. நான் மாசாமாசம் போயிப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். நீங்கதான் போகல."

"ஒங்க அண்ணன் வாக்குக் குடுத்திருக்காக. கமிட்டி ஆளுக முன்னால."

"அப்ப வாக்குக் குடுத்தவுகளப் போயிக் கேளுங்க. நான் குடுக்கல."

"இந்த வீட்டுல பாட்டுச் சத்தம் வந்துச்சுன்னா எங்க வீட்டு ஆளு ஒருத்தரும் வருச ஜெபத்துக்கு வரமாட்டோம். யோசிச்சுக்க."

யோசித்துவிட்டேன். வரும் ஆகஸ்டு ஐந்து, ஞாயிறு, மாலை நான்கு மணிக்கு இந்த வீட்டில் பாட்டு வைக்கப் போகிறேன். ஒளித்து வைக்கமாட்டேன். ஜன்னல் திறந்திருக்கும். பெரிய அத்தானுக்கும் ஆளனுப்பிச் சொல்லிவிட்டேன். உங்கள் வாக்கைக் காப்பாற்ற வேண்டுமென்றால் நான்கு மணிக்கு முன்னால் நீங்களே வந்து ஒயரை அறுத்துவிட்டுப் போங்கள். நான் தடுக்கமாட்டேன். மறுநாள் வேறு ஒயர் வாங்குவேன்.

கிருபாவதி


அல்லிநகரம்
2.8.1984

அன்புள்ள கிருபாவதி,

ஒயரை அறுக்க நான் வரவில்லை.

உன் கடிதம் வந்தபின் மூன்று நாள் எனக்கு வேலை ஓடவில்லை. வாக்கு என்பது சிறிய விஷயமல்ல. கொடுத்த வாக்கை வசதிக்கேற்ப விலக்கிக்கொள்கிறவனை நான் வாழ்நாளில் மதித்ததில்லை. இப்போதும் மதிக்கவில்லை. ஆகவே என்னிடமே ஒரு கேள்வி கேட்டுக்கொண்டேன். நான் கொடுத்தது வாக்குத்தானா?

என் முன் கொண்டுவந்து வைக்கப்படாத படிக்கல் எதற்கும் நான் இருபத்தாறு ஆண்டுகளில் முத்திரை இட்டதில்லை. ஒரு மந்திரிக்கு வேண்டியவர் பெரியகுளத்திலிருந்து சொல்லியனுப்பியபோதும் இட்டதில்லை. உன் வீட்டின் ஓராண்டுக்கு, உன்னைப் பார்க்காமலேயே, அடுத்த அறையில் உட்கார்ந்து முத்திரை இட்டுவிட்டேன். அது என் கையில் இருந்த பொருளே அல்ல. இல்லாத பொருளைத் தருவதாகச் சொன்னதற்கு வாக்கு என்று பெயரில்லை, தவறு என்று பெயர். தவறைத் திருத்த வேண்டும்.

செவ்வாயன்று திரு. ராஜமணியின் கடைக்குப் போனேன். கமிட்டியைச் சேர்ந்த அந்த இருவரையும் அங்கேயே வரவழைக்கச் சொன்னேன். கொடுத்தது அவர்கள் முன்னிலையில் என்பதால் திரும்பப் பெறுவதும் அவர்கள் முன்னிலையில்தான் இருக்க வேண்டும்.

"மச்சான், வாக்குன்னு சொல்லிப்புட்டு இப்ப இல்லேங்கிறீக. இது என்ன நியாயம்?" என்றார்.

"என் வீட்டைப் பற்றிக் கேளுங்கள், இன்றைக்கும் வாக்குத் தருகிறேன். அவள் வீட்டைப் பற்றித் தர எனக்கு உரிமை இருந்ததில்லை. இருப்பதாக நினைத்தது என் பிழை."

"பொம்பளப் பிள்ளைக்கு அண்ணன் பொறுப்பில்லையா?"

"அவளுக்கு நாற்பத்தாறு வயது. உங்கள் தம்பிக்கு அவள் செய்த பணிவிடையில் பத்தில் ஒரு பங்கு நீங்களும் நானும் சேர்ந்து செய்திருந்தால் இந்தப் பேச்சைப் பேசலாம்."

இதைக் கொஞ்சம் உரக்கச் சொல்லிவிட்டேன் போலும். கடைக்கு வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். என் காது அப்படி. எவ்வளவு சத்தமாகப் பேசுகிறேன் என்று எனக்குத் தெரிவதில்லை. தெரிந்திருந்தாலும் குறைத்திருக்கமாட்டேன்.

நேற்று மாலை கமிட்டி கூடியது. திரு. ராஜமணியிடம் எழுத்துமூலம் மன்னிப்புக் கேட்க வேண்டும், இல்லையேல் செயலாளர் பதவியில் நீடிக்க இயலாது என்றார்கள். பதினொரு ஆண்டுகளாக அந்தக் கமிட்டியின் நடவடிக்கைக் குறிப்பை எழுதி வருகிறவன் நான். நேற்றைய குறிப்பையும் நானே எழுதினேன். "செயலாளர் மன்னிப்புக் கோர மறுத்தார். புத்தகத்தையும் சாவியையும் ஒப்படைத்தார்" என்று எழுதிக் கையெழுத்திட்டு, இரண்டையும் மேசைமீது வைத்துவிட்டு வந்தேன்.

இனி ஒரு தொழில்நுட்பக் குறிப்பு. ஒயர் செருகும்போது இரு பெட்டிகளிலும் சிவப்பு முனை சிவப்பில்தான் சேர வேண்டும். ஒரு பெட்டியில் மட்டும் மாறிவிட்டால், ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றது இழுக்கும். தாழ்ந்த ஒலியெல்லாம் ஒன்றையொன்று தின்றுவிடும். யாராலும் கண்டுபிடிக்க முடியாதபடி பாட்டு வெளிறிப்போகும். உன்னால் கண்டுபிடிக்க முடியும். என்றாலும் ஒருமுறை பார்த்துக்கொள்.

ஞாயிறன்று நான் வரவில்லை. வந்தால் உனக்குத் துணையாக நான் நின்றேன் என்றுதான் ஊர் பேசும். அது தனியாக நடக்கட்டும்.

சுயம்புலிங்கம்


போடிநாயக்கனூர்
6.8.1984

அண்ணனுக்கு,

சிவப்பு சிவப்பில்தான் இருந்தது. இரண்டு முறை பார்த்தேன்.

பெட்டிகளை அவருடைய பேரேடு அலமாரியில், ஜன்னலுக்கு இரண்டு பக்கமும் வைத்தேன். நான்கு மணிக்குத் தட்டைச் சுழலவிட்டு, அந்தத் தம்பூராவும் குரலும் வந்ததும், எங்கே உட்காருவது என்று தேடினேன். இடப்பக்கம் உட்கார்ந்தால் இடப் பெட்டி மட்டும் கேட்டது. வலப்பக்கம் போனால் வலது மட்டும். பெஞ்சை இழுத்துப் போட்டுப் பார்த்தேன், வாசற்படியில் நின்று பார்த்தேன். கூடத்தில் ஒரே ஓர் இடத்தில்தான் இரண்டும் சேர்ந்து, பெட்டிகளே இல்லாததுபோல் ஆகி, பாடுகிறவள் ஜன்னலுக்கு நேராக உட்கார்ந்திருக்கிறாள். அந்த இடத்தில் அவருடைய சாய்வு நாற்காலி கிடந்தது. அக்டோபரிலிருந்து அதில் அவருடைய படம் மட்டும்தான் இருக்கிறது. வருஷம் முடியும்வரை அதில் எவரும் உட்காரக் கூடாது என்று பெரிய அத்தான் வெள்ளைத் துண்டு போட்டு வைத்திருந்தார்.

படத்தை எடுத்து ஜன்னல் மேடையில், இரண்டு பெட்டிக்கும் நடுவில் வைத்தேன். துண்டை மடித்து வைத்தேன். உட்கார்ந்தேன்.

அப்போதுதான் பெரிய அத்தான் வந்தார், கூட நான்கைந்து பேர். அவர்கள் தெருவிலேயே நின்றுவிட்டார்கள். இவர் மட்டும் நிலைப்படி வரை வந்தார். சத்தம் போட வந்தவர் என்னை அந்த நாற்காலியில் பார்த்ததும் குரல் இறங்கிவிட்டது.

"அது தம்பி ஒக்காந்த நாக்காலிம்மா."

"ஆமா அத்தான். இந்தக் கூடத்துலயே நல்ல எடம் பாத்துத்தான் போட்டிருந்தாக. அது அவுகளுக்கே தெரியாமப் போச்சு."

அவர் போகவில்லை. செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் வெளியேயுமாக நின்றார். நான் அழுதேன். அதை மறைக்கவில்லை. துக்கம் என்று நினைத்துக்கொண்டாரோ என்னவோ, தெருவில் நின்றவர்களைப் போகச் சொல்லிக் கையைக் காட்டினார். துக்கம்தான். துக்கம் மட்டும் இல்லை. அதை அவருக்கு எப்படிச் சொல்வது?

தட்டு ஓடி முடிந்து முள் கரகரத்தது. "முடிஞ்சிருச்சுல்லம்மா, போதும்" என்றார். எழுந்து போய்த் தட்டைத் திருப்பி வைத்தேன்.

அவர் போய்விட்டார். ஜெபத்துக்கு வரமாட்டார்கள் என்று காலையில் ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனது. அவர்களுக்கும் சேர்த்தே உலை வைப்பேன். வருவதும் வராததும் அவர்கள் பாடு.

உங்கள் பதவி போனதற்கு நான் வருத்தம் தெரிவிக்கமாட்டேன். நீங்களும் எதிர்பார்த்திருக்கமாட்டீர்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை மதினியை அழைத்துக்கொண்டு வாருங்கள். பெஞ்சை வலப்பக்கம் போட்டு வைக்கிறேன். உங்களுக்கு எந்தக் காது நன்றாகக் கேட்குமோ அதைப் பெட்டிப் பக்கம் திருப்பிக்கொண்டு உட்காருங்கள். நடு நாற்காலியை மட்டும் கேட்காதீர்கள். அது என் இடம்.

கிருபாவதி